மண்ணிலிருந்து ஒரு புதிய ஃபேஜ்: குழு ஆய்வுப் பாடத்துக்குப் புதிதாக வரும் உயிரியல் மாணவர்களுக்கு

வழக்கமான செய்முறை வகுப்பில் விடை ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கும். உங்கள் முடிவு அதோடு ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் தவறு. ஆய்வுப் பாடத்தில் அந்த வசதி கிடையாது. தட்டில் தெரிவது புதிய வைரஸா, காற்றுக்குமிழியா, பக்கத்து மேசையிலிருந்து வந்த கலப்படமா என்று கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது. அதை நிறுவ உங்களிடம் இருப்பவை இரண்டு: கன்ட்ரோல் தட்டுகளும் (என்ன தெரிய வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுத் தட்டுகள்) ஆய்வேடும். இந்த இரண்டையும் ஒழுங்காக வைத்திருக்கும் குழு, ஒரு ஃபேஜ் கூடக் கிடைக்காமல் பருவத்தை முடித்தாலும் ஆய்வு செய்திருக்கிறது. இவை இல்லாத குழுவுக்குப் பத்து ஃபேஜ் கிடைத்தாலும் பயனில்லை.

இவ்வகைப் பாடங்களில் பரவலானது மண்ணிலிருந்து பாக்டீரியோஃபேஜ் பிரித்தெடுப்பது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹாட்ஃபுல் குழுவும் சேர்ந்து 2008-இல் 12 கல்லூரிகளில் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டம் இதற்கு முன்மாதிரி. இப்படிப்பட்ட வகுப்புகளில் கிடைப்பது வெறும் பயிற்சிப் பொருள் இல்லை. லண்டனில் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்றால் உயிருக்குப் போராடிய பதின்வயது நோயாளி ஒருவருக்கு மூன்று ஃபேஜ்கள் கலந்து கொடுத்த சிகிச்சை 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. அந்த மூன்றில் ஒன்றான ‘மடி’, 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து பிரித்தெடுத்தது.

கீழே சொல்லும் அளவுகள் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் எம்சி²155 என்ற ஓம்புயிரிக்கானவை. ஃபேஜ் தொற்றிப் பெருகும் பாக்டீரியாதான் ஓம்புயிரி. உங்கள் வகுப்பில் மைக்ரோபாக்டீரியம், ஆர்த்ரோபாக்டர் அல்லது கோர்டோனியா பயன்படுத்தினால் வெப்பநிலையும் ஊடகமும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

குழுவும் ஆய்வேடும்

நான்கு பேர் கொண்ட குழு நல்ல அளவு. இரண்டு பேர் என்றால் ஒருவர் வராத நாளில் வேலை நின்றுவிடும். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கொரு மண் மாதிரி கொண்டுவாருங்கள். ஊடகம் தயாரிப்பது, தட்டுகளைப் பார்த்துப் படமெடுப்பது, ஃபிரிட்ஜ் கணக்கு, கழிவு ஆகிய நான்கு பொறுப்புகளையும் வாரத்துக்கொரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் பைப்பெட் பிடிக்கத் தெரிந்தவரே கடைசிவரை பிடிப்பார், மற்றவர்கள் கடைசிவரை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பாக்டீரியா உங்கள் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஊற்றிய தட்டை ஞாயிற்றுக்கிழமை யாராவது எடுத்து 4 டிகிரியில் வைக்க வேண்டும். அது யார் என்பதை முதல் வாரமே முடிவு செய்யுங்கள்.

ஆய்வேட்டில் அழியாத மையால் எழுதுங்கள். தவறை ஒரே கோட்டால் அடியுங்கள். அடித்த எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். வகுப்புக்கு வரும் முன்பே அன்றைய நோக்கம், நீர்த்தல் அட்டவணை, தட்டுகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிவிடுங்கள். கிளம்பும்போது எந்தக் குழாய் எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கடைசி வரி எழுதுங்கள். உங்கள் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஃபோன் செய்யாமல், குழுவின் இன்னொருவர் நாளை வேலையைத் தொடர முடிகிறதா? இதை மாதம் ஒருமுறை உண்மையிலேயே செய்து பாருங்கள். பெரும்பாலும் முதல் முறை முடியாது. எது விடுபட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

பெட்ரித் தட்டில் மூடியில் எழுதாதீர்கள், அடியில் விளிம்போரமாக எழுதுங்கள். நான்கு மூடிகளைத் திறந்து வைத்து மூடும்போது எது எதனுடையது என்பது மாறிப்போகும். பெயரின் முதலெழுத்து, தேதி, மாதிரி எண், எத்தனையாவது தூய்மைப்படுத்தல் சுற்று, நீர்ப்பு அளவு: இந்த ஐந்தும் இல்லாத தட்டு குப்பைக்குரியது.

மண் எடுப்பது

ஈரமான, நிழலான, மக்கிய இலைதழை நிறைந்த மண்ணையே தேடுங்கள். உரக்குழி, செடிகளின் வேரடி, அழுகும் காய்கனிகளின் கீழிருக்கும் மண் எல்லாம் நல்லவை. பாக்டீரியா செழிக்கும் இடத்தில்தான் அவற்றைத் தின்னும் ஃபேஜும் இருக்கும். வெயிலில் காய்ந்த மணல் பெரும்பாலும் ஏமாற்றும். 50 மி.லி. குழாயில் 15 மி.லி. கோடு வரை மண் போதும். எடுத்த தேதி, நேரம், ஆழம், வெப்பநிலை, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இந்த விவரங்கள் பின்னாளில் ஃபேஜின் பதிவில் ஏறும். மறந்தால் திரும்பப் பெற வழியில்லை.

ஓம்புயிரியும் மேல் அகாரும்

ஸ்மெக்மாடிஸ் ஒரு தலைமுறை பெருக ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இன்று கேட்டால் நாளை கிடைக்காது. 37 டிகிரியில் குலுக்கிக்கொண்டே வளர்த்தால் இரண்டு நாளில் தயாராகும். அதை வளர்க்கும் திரவமான 7எச்9 ஊடகத்தில் இரண்டு பொருள்கள் மீது கண் வையுங்கள்.

ஒன்று, ட்வீன் 80. பாக்டீரியா கட்டிகட்டியாகச் சேராமலிருக்க இதைச் சேர்ப்பார்கள். ஆனால் இது இருந்தால் ஃபேஜ் பாக்டீரியாவின் மேற்பரப்பில் சரியாக ஒட்டாது. எனவே தொற்றுக்குப் பயன்படுத்தும் கடைசி வளர்ப்பு ட்வீன் இல்லாததாக இருக்க வேண்டும். அதில் கட்டிகள் தெரிந்தால் சில நிமிடம் அசைக்காமல் வைத்து, மேலிருந்து எடுங்கள்.

மற்றொன்று, கால்சியம் குளோரைடு. பல ஃபேஜ்கள் ஒட்டுவதற்கு 1 மில்லிமோலார் கால்சியம் வேண்டும். ஊடகம் சூடாக இருக்கும்போது சேர்த்தால் அதிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், ஃபேஜுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆறிய பிறகு சேருங்கள். குடுவை கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே மேல்.

ஃபேஜ் தேடல்

மண் இருக்கும் குழாயில் 35 மி.லி. கோடு வரை திரவ ஊடகம் ஊற்றி, தலைகீழாகப் பலமுறை கவிழ்த்து, இரண்டு மணி நேரம் குலுக்குங்கள். 2000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த மேல்நீரை 0.22 மைக்ரான் ஃபில்டர் வழியே சிரிஞ்சால் செலுத்துங்கள். பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கடந்துவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பலமாக அழுத்தாதீர்கள். சவ்வு கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. புது ஃபில்டர் மாட்டுங்கள்.

இந்த வடிநீரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை நேராகத் தட்டில் சோதியுங்கள். மறு பங்கில் 10 மி.லி.-க்கு 0.5 மி.லி. ஓம்புயிரி சேர்த்து 37 டிகிரியில் இரண்டு முதல் ஐந்து நாள் குலுக்கி, மறுபடி சுற்றி வடிகட்டுங்கள். இதுதான் செறிவூட்டல். மண்ணில் நம் ஓம்புயிரிக்குரிய ஃபேஜ் நாலைந்து மட்டும் இருந்தாலும் இது பெருக்கிக் கொடுத்துவிடும். வேகமாகப் பெருகும் ஃபேஜ் மற்றவற்றை அமுக்கிவிடும் என்பது இதன் குறை. நேர்ச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பது அதனால்தான்.

தட்டில் ஊற்றுவது எல்லாருக்கும் முதலில் சொதப்பும் இடம். வரிசை இது:

1. ஒரு குழாயில் 0.5 மி.லி. ஓம்புயிரி, அதில் 0.5 மி.லி. வடிநீர். மெதுவாகக் கலக்கி 10 நிமிடம் விடுங்கள். ஒட்டுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

2. 50 முதல் 55 டிகிரி நீர்த்தொட்டியிலிருந்து மேல் அகாரை எடுத்து 4.5 மி.லி. சேருங்கள். அகார் அளவு 0.4 சதவீதம் அளவில் இருக்கும், அடித்தட்டைவிட மிக இளக்கமானது.

3. குமிழி வராமல் ஒருமுறை உறிஞ்சிக் கலந்து உடனே தட்டில் ஊற்றி, எட்டுப் போடுவதுபோல் சாய்த்துப் பரப்புங்கள். ஊற்றி முடிக்கப் பத்து விநாடிதான் இருக்கிறது.

4. 20 நிமிடம் அசைக்காமல் இறுகவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து 37 டிகிரியில் வையுங்கள். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பாருங்கள்.

அகார் அதிகச் சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துத் தட்டு முழுக்க வெறுமையாகத் தெரியும். அதைப் பார்த்து “எல்லாவற்றையும் ஃபேஜ் தின்றுவிட்டது” என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆறிப்போயிருந்தால் உப்புமாவைப்போல் கட்டிகட்டியாக விழும். அடித்தட்டை முந்தைய நாளே ஊற்றிக் காயவைக்காவிட்டால் மேல் படலம் வழுக்கிக்கொண்டு வரும். மூடியிலிருந்து சொட்டும் நீர், ஃபேஜ் உண்டாக்கும் வட்டங்களை இழுத்து வால்போல் நீட்டிவிடும்.

பாக்டீரியாப் படலத்தில் ஃபேஜ் உண்டாக்கும் துளையைத்தான் ‘வட்டம்’ என்கிறேன். ஆய்வகத்தில் ‘பிளேக்’ என்பார்கள். தமிழில் எழுதினால் அது கொள்ளைநோயின் பெயரோடு குழம்புகிறது. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். காற்றுக்குமிழிக்கு விளிம்பு கூராகப் பளபளக்கும், உள்ளே ஆழம் தெரியும். ஃபேஜின் வட்டத்துக்கு விளிம்பு படலத்தோடு கரைந்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால் பைப்பெட்டின் டிப்பால் தொட்டு, ஃபேஜ் பஃபரில் அலசி, புதிய படலத்தில் 5 மைக்ரோ லிட்டர் சொட்டு வையுங்கள். குமிழி என்றால் மறுநாள் அங்கே ஒன்றும் இருக்காது.

கன்ட்ரோல் இல்லாத தட்டை நம்பாதீர்கள்

ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மூன்று தட்டுகள் கூடுதலாக வேண்டும். ஓம்புயிரியோடு வெறும் பஃபர் மட்டும் சேர்த்தது முதலாவது. அதில் சீரான படலம் வர வேண்டும். அதில் வட்டம் தெரிந்தால் உங்கள் பஃபரிலோ அகாரிலோ ஓம்புயிரியிலோ ஃபேஜ் கலந்திருக்கிறது. அன்று ஊற்றிய எந்தத் தட்டையும் நம்ப முடியாது. எத்தனை அழகான வட்டம் கிடைத்திருந்தாலும் கழிவில் போடுங்கள். இரண்டாவது, பாக்டீரியா சேர்க்காமல் வடிநீரும் அகாரும் மட்டும். இதில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது.

மூன்றாவது, தெரிந்த ஃபேஜ் சேர்த்த தட்டு. பெரும்பாலும் டி29 கொடுப்பார்கள். 1954-இல் விவரிக்கப்பட்ட அது பெரிய, தெளிவான வட்டம் உண்டாக்கும். இதை எல்லா வேலையும் முடிந்தபின், தனி மேசையில், தனி டிப் பெட்டியோடு, கடைசியாக ஊற்றுங்கள். ஒரு வகுப்பில் பல குழுக்களுக்கு ஒரே நாளில் பெரிய தெளிவான வட்டங்கள் கிடைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி29-ஐத்தான். பின்னால் டி.என்.ஏ. வெட்டிப் பார்க்கும்போது உங்கள் ஃபேஜ், டி29 இரண்டின் பட்டைகளையும் பக்கம் பக்கமாக ஓட்டினால் உண்மை வெளிவந்துவிடும். ஆனால் அதற்குள் இரண்டு மாத உழைப்பு போயிருக்கும்.

70 சதவீத எத்தனால் ஃபேஜைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். பாக்டீரியாவுக்கு அது போதும். கொழுப்பு உறை இல்லாத ஃபேஜுக்குப் போதாது. மேசை துடைக்க அன்றன்று கலந்த 10 சதவீத பிளீச் பயன்படுத்தி, 10 நிமிடமாவது ஈரமாக விடுங்கள். ஸ்மெக்மாடிஸ் ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாகத் தீங்கு செய்யாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் வாரம் முடிந்தும் வட்டம் இல்லையென்றால் புதிய மண். ஆறாம் வாரமும் இல்லையென்றால் வேறொரு குழுவிடம் உபரியாக இருக்கும் ஃபேஜைத் தத்தெடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிடைக்காத மாதிரிகளின் பதிவும் தரவுதான்.

தூய்மைப்படுத்தல்: அவசரப்படக் கூடாத இடம்

தனித்து நிற்கும் ஒரு வட்டத்தின் நடுவில் டிப்பை மெல்லத் தொட்டு, 100 மைக்ரோ லிட்டர் ஃபேஜ் பஃபரில் அலசுங்கள். அதிலிருந்து 10 எடுத்து 90-இல் கலந்தால் 10⁻¹. அதிலிருந்து 10 எடுத்து அடுத்த 90-இல். இப்படி 10⁻⁴ வரை போங்கள். ஒவ்வொரு படிக்கும் புது டிப். பழைய டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் துளி அடுத்த எல்லாப் படிகளையும் கெடுக்கும். ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோ லிட்டரை ஓம்புயிரியோடு சேர்த்து ஊற்றுங்கள். அடுத்தடுத்த தட்டுகளில் வட்டங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் கோளாறு உங்கள் பைப்பெட்டில்.

இதைக் குறைந்தது மூன்று சுற்று செய்யுங்கள். ஒரு வட்டம் என்பது ஒரே ஃபேஜின் சந்ததி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அருகருகே விழுந்த இரண்டு ஃபேஜ்கள் ஒரே வட்டமாகத் தெரியலாம்.

தட்டில் பெரிய வட்டமும் சிறிய வட்டமும் கலந்து வந்தால் என்ன செய்வது? இது எல்லாக் குழுவுக்கும் வரும் கேள்வி. ஒரே ஃபேஜே இரண்டு அளவும் காட்டலாம். தாமதமாக ஒட்டியது சிறிதாக நிற்கும். படலம் தடித்த இடத்திலும் சிறிதாக நிற்கும். பெரியதிலிருந்து ஒன்று, சிறியதிலிருந்து ஒன்று எடுத்துத் தனித்தனித் தட்டில் ஊற்றுங்கள். பெரியது பெரியதை மட்டும், சிறியது சிறியதை மட்டும் கொடுத்தால் உங்களிடம் இரண்டு ஃபேஜ்கள். இரண்டு தட்டிலும் மறுபடி கலவையாகவே வந்தால் ஒரே ஃபேஜ்தான், அளவு அதன் சுபாவம். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு முன்னே போகும் குழுவுக்கு, மரபணு வரிசை வரும்போது இரண்டு ஜீனோம் கலந்து வரும்.

வட்டத்தின் நடுவே மங்கலாக பாக்டீரியா வளர்ந்திருந்தால் பதற வேண்டாம். ஓம்புயிரியின் டி.என்.ஏ.-வுக்குள்ளேயே தங்கிவிடும் வகை ஃபேஜ் அப்படித்தான் தெரியும். அடியில் கருப்புத் தாளும் பக்கத்தில் அளவுகோலும் வைத்துப் படமெடுத்து, வட்டங்களை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள்.

லைசேட்டும் டைட்டரும்

அடுத்து வேண்டியது ‘வலைத்தட்டு’: வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு, இடையே பாக்டீரியா மெல்லிய வலைபோல் மட்டும் எஞ்சியிருக்கும் தட்டு. கணக்கு எளிது. தட்டின் பரப்பு ஏறக்குறைய 6000 சதுர மி.மீ. உங்கள் வட்டத்தின் விட்டம் 2 மி.மீ. என்றால் பரப்பு 3.14. அப்படியென்றால் ஏறக்குறைய 1900 வட்டங்கள் வேண்டும். 1 மி.மீ. என்றால் 7600. தூய்மைத் தட்டின் எண்ணிக்கையிலிருந்து எத்தனை மைக்ரோ லிட்டர் சேர்க்க வேண்டும் என்று வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கின் இருபுறமும் பாதியும் இரட்டிப்பும் சேர்த்து மூன்று தட்டு ஊற்றுவது நல்லது. முழுக்க வெறுமையான தட்டில் ஃபேஜ் பெருக பாக்டீரியா மிஞ்சியிருக்காது, அதனால் டைட்டர் (ஒரு மி.லி.-யில் இருக்கும் ஃபேஜ் எண்ணிக்கை) எதிர்பார்த்ததைவிடக் குறையும்.

வலைத்தட்டின்மேல் 8 மி.லி. ஃபேஜ் பஃபர் ஊற்றி, அறை வெப்பத்தில் சில மணி நேரமோ ஃபிரிட்ஜில் இரவு முழுவதுமோ விட்டு, உறிஞ்சி வடிகட்டினால் லைசேட். அதைத் தொடர்ந்து நீர்த்து ஊற்றி எண்ணுங்கள்.

10⁻⁶ தட்டில் 10 மைக்ரோ லிட்டருக்கு 47 வட்டம் என்று வையுங்கள். 47-ஐ 10-ஆல் வகுத்து, 1000-ஆல் பெருக்கி, 10⁶-ஆல் பெருக்கினால் மி.லி.-க்கு 4.7 × 10⁹. நீங்கள் ஊற்றியது 10 மைக்ரோ லிட்டர்தான் என்பதை மறந்தால் விடை நூறு மடங்கு குறைந்துவிடும். இதுதான் மிகப் பொதுவான பிழை. இதே லைசேட்டின் 10⁻⁷ தட்டில் ஐந்தைச் சுற்றி இருக்க வேண்டும். 30 இருந்தால் முதலில் நீர்த்தலைத் திரும்பச் செய்யுங்கள்.

குறைந்தது 5 × 10⁹ வேண்டும் என்பார்கள். காரணம் இது: 60,000 அடியிணை (பேஸ் பேர்) கொண்ட ஜீனோமுக்கு, 10 மி.லி. லைசேட்டில் இருக்கக்கூடிய மொத்த டி.என்.ஏ. அந்த டைட்டரில் 3 மைக்ரோகிராமை ஒட்டித்தான். ஒரு என்சைமுக்கு அரை மைக்ரோகிராம் வீதம் ஐந்து என்சைம் வெட்டவே இரண்டரை போய்விடும். பிரித்தெடுக்கும்போதும் இழப்பு உண்டு. ஆகவே 4.7 வந்த குழு இன்னொரு வலைத்தட்டு ஊற்றட்டும்.

டி.என்.ஏ., நுண்ணோக்கி, ஜீன் குறித்தல்

ஃபேஜின் புரத உறையை உடைக்கும் முன் டி.என்.ஏ.ஸ், ஆர்.என்.ஏ.ஸ் என்சைம்களால் லைசேட்டைத் துப்புரவு செய்ய வேண்டும். செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. அதில் மிதக்கிறது, ஃபேஜின் டி.என்.ஏ. உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பிறகு உறையைப் பிரித்து, சிலிக்கா பத்தியில் பிடித்து, கழுவி எடுப்பீர்கள். டி.என்.ஏ.-வின் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் (அந்த இரு நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.8-ஐ ஒட்டி வர வேண்டும். ஜெல்லில் ஓட்டும்போது வெட்டாத டி.என்.ஏ. ஒரு வரிசை கட்டாயம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பயிற்சி பெற்றவரே சாயம் ஏற்றுவார். நீங்கள் செய்ய வேண்டியது, பல துகள்களின் தலையையும் வாலையும் அளவுக்கோட்டோடு ஒப்பிட்டு அளப்பது. ஒரே ஒரு அழகான படத்தை அளந்து எழுதாதீர்கள்.

ஜீன் குறித்தலில் குழுவின் மதிப்பு முழுமையாகத் தெரியும். கிளிம்மர், ஜீன்மார்க் ஆகிய நிரல்கள் ஜீன்கள் எங்கே என்று ஊகித்துச் சொல்லும். அவை அடிக்கடி முரண்படும், குறிப்பாகத் தொடக்கப் புள்ளியில். ஃபேஜ் ஜீன்கள் ஏடிஜி என்ற மூன்றெழுத்தில் மட்டுமல்ல, ஜிடிஜி-யிலும் சில சமயம் டிடிஜி-யிலும் தொடங்கும். ஜீனோமின் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் குறித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒப்பிடுங்கள். முரண்பட்ட ஒவ்வொரு இடத்திலும் சான்று கேளுங்கள். முந்தைய ஜீனோடு இடைவெளி எவ்வளவு? ஃபேஜ் ஜீனோமில் இடம் வீணாவதில்லை. ஒரு ஜீனின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஏடிஜிஏ என்ற நான்கு எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது சாதாரணம். உறவுள்ள ஃபேஜ்களில் எந்தத் தொடக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது? பழைய பதிவே தவறாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். பெரும்பாலான ஜீன்களுக்கு வேலை என்னவென்று தெரியாது. அவற்றுக்கு ‘வேலை தெரியாத புரதம்’ என்றே எழுத வேண்டும். புரதங்களை ஒப்பிடும் ஹெச்ஹெச்பிரெட் நிரல் காட்டும் வலுவற்ற ஒற்றுமையை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால், உங்களுக்குப் பின் வருபவர்கள் அதை நகலெடுப்பார்கள்.

ஃபேஜுக்குப் பெயர் வைக்கும் முன் ஃபேஜஸ்டிபி தரவுத்தளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இல்லை என்று பாருங்கள். டைட்டர், தேதி, பெயர், ஓம்புயிரி நான்கும் எழுதிய ஒட்டுத்தாளோடு லைசேட்டில் ஒரு பங்கை 4 டிகிரியிலும் ஒரு பங்கை மைனஸ் 80 டிகிரியிலும் வையுங்கள். பெட்டி எண்ணையும் வரிசையையும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, குழுவில் நான்கு பேரும் கையெழுத்திடுங்கள்.